சாம்பார் இல்லாத தோசை: காந்தி பஜார் வித்யார்த்தி பவன்

பெங்களூரு காந்தி பஜாரில் இருக்கும் வித்யார்த்தி பவனுக்கு அறிமுகம் தேவையில்லை. இந்த நகரத்தில் மசாலா தோசை என்று பேச்செடுத்தால் முதல் இரண்டு மூன்று பெயர்களுக்குள் அதன் பெயர் வந்துவிடும். வெளியூர் விருந்தாளிகளை எங்கே அழைத்துப் போகலாம் என்று யோசித்தாலும் லால்பாகுக்கு அடுத்தபடியாக அந்தக் கடைதான் நினைவுக்கு வரும். ஆனால் அதைப் பற்றி வரும் மதிப்புரைகளில் பெரும்பாலானவை, ஒருமுறை வந்து, காத்திருந்து, தோசை சாப்பிட்டு, படம் எடுத்துக்கொண்டு போகிறவர்கள் எழுதுபவை. மயிலாடுதுறையில் பிறந்து வளர்ந்து, வங்கிப் பணி மாற்றலில் இந்த ஊருக்கு வந்து, சில ஆண்டுகளில் திரும்பிவிடலாம் என்ற நினைப்போடு வாடகை வீடு பார்த்து, பிறகு திரும்பும் எண்ணமே இல்லாமல் போய்விட்ட ஒருத்தியாக அந்தக் கடையை மதிப்பிட வேண்டும் என்பது என் விருப்பம். என் தீர்ப்பையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தோசை மிக நன்றாக இருக்கும். வேற்றூரிலிருந்து வந்த ஒருவர் தன் ஊர் அளவுகோலைக் கீழே வைத்துவிட்டு, இந்த ஊரை அதன் போக்கிலேயே ஏற்றுக்கொள்ளப் பழகுவதற்கு, எனக்குத் தெரிந்து இங்கே அதற்கு இணையான இடம் வேறு இல்லை.

கடை தொடங்கியது 1943-இல். சுற்றுவட்டாரப் பள்ளி மாணவர்களுக்குச் சிற்றுண்டி கொடுப்பதற்காக வெங்கடரமண உரால் அதைச் சிறிய அளவில் தொடங்கினார். 1970-இல் ராமகிருஷ்ண அடிகா அதை வாங்கி நடத்தலானார். இன்றும் அந்தக் குடும்பத்தின் பொறுப்பில்தான் கடை நடக்கிறது. இரண்டு குடும்பங்களுமே கர்நாடகத்தின் கடலோரத்திலிருந்து வந்தவை. உடுப்பி, குந்தாபுரம் பக்கத்திலிருந்து பிழைப்புத் தேடிப் புறப்பட்டவர்கள் பம்பாயிலும் சென்னையிலும் பெங்களூரிலும் சிற்றுண்டிச் சாலைகள் திறந்த நீண்ட வரலாற்றின் ஒரு பகுதி இது. கடை இருக்கும் பசவனகுடியும் அப்படித்தான். பெரிய நந்தி கோயில் பழமையானது என்றாலும், குடியிருப்புப் பகுதி என்று பார்த்தால், 1898-இல் பெங்களூரில் பிளேக் பரவி, நெருக்கமான பேட்டைத் தெருக்களிலிருந்து மக்கள் வெளியேறத் தொடங்கிய பிறகே அது வேகமாக வளர்ந்தது. இந்த நகரத்தின் அசல் அடையாளம் என்று எல்லாரும் கொண்டாடும் தோசை, வெளியிலிருந்து வந்தவர்கள் வெளியிலிருந்து வந்தவர்களுக்காகச் சுட்ட தோசை என்பதை நான் பிற்பாடுதான் தெரிந்துகொண்டேன். அதைத் தெரிந்துகொண்ட நாளில் எனக்கு ஏற்பட்ட நிம்மதியைச் சொல்லாமல் இந்த மதிப்புரையை எழுத முடியாது.

உள்ளே போவதற்கு முன் காத்திருப்பு உண்டு. வார நாள்களில் காலை சீக்கிரம் போனால் நேராக உட்கார்ந்துவிடலாம். சனி, ஞாயிறுகளில் பெயரைக் கொடுத்துவிட்டு நடைபாதையில் நிற்க வேண்டும். இந்தக் காத்திருப்பைக் குறையாகச் சொல்கிறவர்கள் காந்தி பஜாரைச் சரியாகப் பார்க்காதவர்கள் என்பேன். பூக்கடைகளில் சேவந்தியையும் மல்லிகையையும் முழம் போட்டுக்கொண்டிருப்பார்கள். பூசைச் சாமான் கடைகளிலிருந்து கற்பூர வாசனை வரும். பண்டிகைக்கு முதல் நாள் என்றால் வாழைக்கன்றும் மாவிலையும் தெருவை அடைத்துக்கொண்டிருக்கும். பெயர் கூப்பிடுவதற்குள் வீட்டுக்கு வேண்டிய பூவையும் காய்கறியையும் வாங்கிவிடலாம். கார்த்திகை மாதத்தின் கடைசித் திங்கட்கிழமை, சற்றுத் தள்ளியிருக்கும் நந்தி கோயிலில் கடலெக்காய் பரிஷெ என்னும் நிலக்கடலைத் திருவிழா நடக்கும். அந்தச் சமயத்தில் புல் டெம்பிள் சாலை நெடுகக் கடலைக் குவியல்கள்தான். அவற்றில் தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்திலிருந்து மூட்டை கட்டிக்கொண்டு வருகிறவர்களின் குவியல்களும் இருக்கும். விலை கேட்கும்போது வாயில் கன்னடம் வருவதா தமிழ் வருவதா என்று ஒரு கணம் தடுமாறி, கடைசியில் இரண்டும் கலந்து பேசி, படியில் அளந்து வாங்கிக்கொண்டு திரும்புவது எங்கள் வீட்டில் இப்போது ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது.

கூடம் பெரியதல்ல. எளிய மேசைகள், நாற்காலிகள், சுவர்களில் கன்னட எழுத்தாளர்கள், கலைஞர்களின் ஓவியங்கள். தனி மேசை வேண்டும் என்று கேட்கும் வழக்கம் அங்கே கிடையாது. எந்த மேசையில் நாற்காலி காலியாகிறதோ அங்கே உட்கார வேண்டும். எதிரே யார் இருப்பார்கள் என்பது உங்கள் கையில் இல்லை. ஓய்வுபெற்ற பேராசிரியர் இருக்கலாம், கல்லூரிப் பையன்கள் இருக்கலாம், பூ விற்றுவிட்டு வந்த அம்மாள் இருக்கலாம். புதிதாக ஒரு நகரத்துக்கு வந்த பெண்ணுக்குத் தனியாக ஓர் உணவகத்தில் போய் உட்காருவது எவ்வளவு சங்கடமான காரியம் என்பது அனுபவித்தவர்களுக்குத் தெரியும். பல இடங்களில், கூட யாராவது வருகிறார்களா என்ற கேள்வியும், மூலையில் ஓர் இடமும்தான் கிடைக்கும். இங்கே எல்லாருமே முன்பின் தெரியாதவர்களோடு உட்காருவதால், தனியாக வந்தவள் என்று யாரும் தனித்துத் தெரிவதில்லை. வந்த புதிதில் ஞாயிற்றுக்கிழமை காலைகள் எனக்கு நீண்டவையாக இருந்தன. அந்தக் காலைகளில் நான்கு பேர் நடுவில் உட்கார்ந்து சாப்பிட முடிந்த ஓர் இடம் என்பதற்காகவே நான் முதலில் இந்தக் கடையைப் பிடித்துக்கொண்டேன். தோசையின் ருசி பிறகு வந்தது.

இனி பரிமாறும் முறை. வெள்ளைச் சட்டையும் வேட்டியும் அணிந்த சர்வர்கள் மேசை மேசையாக வந்து, எதையும் எழுதிக்கொள்ளாமல், யாருக்கு என்ன வேண்டும் என்று கேட்டுக்கொண்டு போவார்கள். தோசைகள் பெரிய கல்லில் ஒரே ஈடாகப் பல சுடப்படுவதால் ஈடு எடுக்கும் வரை கூடம் முழுவதும் பொறுத்திருக்கும். பிறகு சமையலறை வாசலில் அவர் தோன்றுவார். இடது கையில் மணிக்கட்டிலிருந்து தோள் வரை தட்டின் மேல் தட்டாக, ஒவ்வொன்றிலும் ஒரு தோசையோடு, ஒரு கோபுரமே சாய்ந்து நிற்கும். மேல் தட்டின் விளிம்பு கீழ்த் தட்டின் விளிம்பில் ஒரு பக்கம் மட்டும் தொட்டுக்கொண்டு நிற்பதை அருகிலிருந்து கவனித்தால்தான் அதன் சூட்சுமம் புரியும். அவர் நடக்கும்போது கை அசைவதில்லை. இடுப்புக்குக் கீழே மட்டும்தான் நடை. மேசைக்கு வந்ததும் வலது கையால் மேலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து, சீட்டுப் போடுகிறவரைப் போல, பார்க்காமலே அவரவர் முன்னால் வைத்துக்கொண்டு போவார். யார் இரண்டு கேட்டார்கள், யார் சாதா தோசை கேட்டார்கள் என்பதெல்லாம் அவர் நினைவில் இருக்கும். இதைப் படம் பிடிக்கிறவர்கள் பலர். நான் ஒருபோதும் பிடித்ததில்லை. வேலையில் மூழ்கியிருக்கும் ஒருவரின் திறமையை வேடிக்கைப் பொருளாக்கக் கூடாது என்று எனக்குத் தோன்றும்.

அடுத்தது தோசை. எங்கள் பக்கத்து மசாலா தோசை நீளமாகவும் மெல்லியதாகவும் இருக்கும்; பல கடைகளில் அது தட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருப்பதுதான் பெருமை. வித்யார்த்தி பவனின் தோசை தட்டுக்குள் அடங்கி, மடித்து, கனமாக இருக்கும். வெளிப்புறம் செம்பழுப்பாக, நெய் மினுக்கத்தோடு, விரலால் அழுத்தினால் சத்தத்தோடு உடையும். அந்த முறுகலுக்குள்ளே ஓர் அடுக்கு மிருதுவாக, மாவு வெந்து, சிறு சிறு துளைகளோடு இருக்கும். பெங்களூரு வீடுகளில் தோசைக்கு அரைக்கும்போது அரிசி, உளுந்தோடு வெந்தயம், கடலைப்பருப்பு, அவல் ஆகியவற்றையும் சேர்ப்பார்கள். பருப்பும் வெந்தயமும் நிறத்தையும் முறுகலையும் தருகின்றன. அவல் உட்புறத்தை மிருதுவாக வைக்கிறது. மெல்லிய தோசையில் இந்த இரண்டு குணங்களும் ஒருசேர வராது. கனம் இருந்தால்தான் வரும். நெய்யில் கஞ்சத்தனம் கிடையாது. நெய் ஒத்துக்கொள்ளாதவர்கள் ஒரு தோசையோடு நிறுத்திக்கொள்வது நல்லது. உள்ளே இருக்கும் உருளைக்கிழங்குப் பல்யா காரம் குறைந்தது. முறுகலின் ருசியை அமுக்காமல் அடங்கி இருப்பதுதான் அதன் வேலை. அதை அது ஒழுங்காகச் செய்கிறது.

தொட்டுக்கொள்ளத் தேங்காய்ச் சட்னி மட்டும்தான். சற்றுத் தளர்வாக இருக்கும் அந்தச் சட்னியைக் கேட்கக் கேட்க ஊற்றிக்கொண்டே இருப்பார்கள். சாம்பார் கிடையாது. தமிழ்நாட்டிலிருந்து வருகிற எவரும் இங்கேதான் நின்றுவிடுவார்கள். டெல்டாவில் வளர்ந்தவர்களுக்குச் சாம்பார் என்பது தோசையின் பாதி. எங்கள் ஊர்க் காளியாகுடி ஓட்டலில் சாப்பிட்டு வளர்ந்த நாக்குக்கு, சின்ன வெங்காயம் மிதக்கும் சாம்பார் இல்லாமல் ஒரு மசாலா தோசையைக் கொண்டுவந்து வைத்தால், ஏதோ பாதியில் விட்டுவிட்டார்கள் என்றுதான் தோன்றும். பெங்களூரில் சாம்பார் கொடுக்கும் கடைகளிலும் அது இனிப்பாக இருக்கிறது என்ற மனக்குறை உண்டு. வந்த புதிதில் இந்த ஊரைப் பற்றி நாங்கள் பேசிக்கொண்டதெல்லாம் இந்த மாதிரி ஒப்பீடுகள்தான்: அங்கே காபி இப்படி, இங்கே இப்படி, அங்கே கத்திரிக்காய்க்கு ருசி உண்டு, இங்கே இல்லை, அங்கே கோயிலில் உற்சவம் என்றால் ஊரே திரளும், இங்கே தெருவுக்குள் முடிந்துவிடுகிறது. ஒரு கையில் பழைய ஊரை வைத்துக்கொண்டே மறு கையால் புது ஊரைத் தொடும் வாழ்க்கை அது. அதில் தவறொன்றுமில்லை, இடம் பெயர்ந்தவர்கள் எல்லாருமே கொஞ்ச காலம் அப்படித்தான் இருப்பார்கள்.

அது எப்போது நின்றது என்று என்னால் நாள் குறித்துச் சொல்ல முடியாது. நின்றுவிட்டது என்று தெரியவந்த தருணத்தை மட்டும் சொல்ல முடியும். மயிலாடுதுறையிலிருந்து அத்தை வந்திருந்தார். அவரை வித்யார்த்தி பவனுக்கு அழைத்துப் போயிருந்தேன். தோசை வந்தது. சட்னியை ஊற்றிவிட்டு சர்வர் நகர்ந்தார். அத்தை சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "ஏம்மா, சாம்பார் கொண்டுவர மறந்துட்டாரா?" என்று கேட்டார். "இதுக்குச் சாம்பார் கிடையாது அத்தை. ஊத்தினா முறுகல் போயிடும். சட்னியையும் மேல ஊத்திக்காதீங்க, ஓரமாத் தொட்டுச் சாப்பிட்டுப் பாருங்க. எங்க ஊர்ல இப்படித்தான்" என்றேன். அத்தை நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "எங்க ஊர்லயா?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பில் கேலி இல்லை. கொஞ்சம் வருத்தம் இருந்ததோ என்று பிறகு யோசித்தேன். நான் யோசித்துப் பேசவில்லை. அந்தச் சொல் தானாக வந்தது. சாம்பார் இல்லாத தோசையின் பக்கம் நின்று, என் அத்தையிடமே நியாயம் பேசியிருக்கிறேன் என்பது வீடு திரும்பும் வழியில்தான் எனக்கே உறைத்தது. அத்தை இரண்டாவது தோசை கேட்டுச் சாப்பிட்டார் என்பதையும் கடையின் கணக்கில் சேர்க்க வேண்டும்.

மற்றப் பண்டங்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். காரா பாத்தும் கேசரி பாத்தும் நன்றாக இருக்கும். உளுந்து வடை நேர்த்தி. ரவா வடை இந்தக் கடையின் சிறப்புகளில் ஒன்று. வெளியே கரகரப்பும் உள்ளே ரவையின் நறநறப்புமாக, சூடாக இருக்கும்போதே சாப்பிட்டுவிட வேண்டும். பூரி சாகுவை நான் அதிகம் சாப்பிட்டதில்லை என்பதால் கருத்துச் சொல்லவில்லை.

காபியைப் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். கும்பகோணம் டிகிரி காபியின் திடத்தை இதில் தேடக் கூடாது. இதமான, பால் மணக்கும் காபி. அதைக் குடிக்கும்போதெல்லாம் எனக்கு வேறொன்று நினைவுக்கு வரும். இந்த நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஊருக்குள் பெரிய ஆறு கிடையாது. ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவிலுள்ள தொரேகாடனஹள்ளியிலிருந்து காவிரியைக் கட்டம் கட்டமாக மேலேற்றிக் கொண்டுவருகிறார்கள். முதல் கட்டத் தண்ணீர் 1974-இல் வந்தது. ஐந்தாம் கட்டத் திட்டம் 2024 அக்டோபரில் தொடங்கிவைக்கப்பட்டது. காவிரிக் கரையில் பிறந்தவள் நான். ஐப்பசி மாதம் முழுவதும் எங்கள் ஊரில் துலா ஸ்நானம் நடக்கும். மாதக் கடைசியில் கடைமுழுக்கு. அதே துலா மாதப் பிறப்பன்று குடகிலுள்ள தலைக்காவிரியில் குளத்தில் நீர் பொங்குவதைப் பார்க்கக் கன்னட மக்கள் திரளுகிறார்கள். ஓர் ஆற்றின் தொடக்கத்தில் ஒரு கூட்டமும், அது கடலைச் சேரும் பகுதியில் இன்னொரு கூட்டமும் ஒரே மாதத்தில் தலை முழுகுவதை இங்கே வந்த பிறகுதான் சேர்த்துப் பார்க்க முடிந்தது. குழாயைத் திறந்தால் வருவதும் அந்த ஆறுதான் என்று ஆனபின், வெளியூரில் இருக்கிறேன் என்ற எண்ணத்துக்கு அவ்வளவு இடமில்லை.

அந்த ஆறே இரண்டு ஊர்களுக்கும் நடுவில் நின்ற காலமும் உண்டு. 2016 செப்டம்பரில், காவிரி நீர் திறக்கச் சொன்ன உத்தரவை ஒட்டி நகரத்தில் வன்முறை வெடித்தது. தமிழ்நாட்டுப் பதிவெண் கொண்ட பேருந்துகளும் லாரிகளும் எரிக்கப்பட்டன. சில பகுதிகளில் ஊரடங்கு போடப்பட்டது. ஊரிலிருந்து தொலைபேசிக்கு மேல் தொலைபேசி. எல்லாரும் சொன்னது ஒன்றையே: கிளம்பி வீட்டுக்கு வந்துவிடு. பயமாகத்தான் இருந்தது. ஆனால் கிளம்பி எங்கே போவது என்ற கேள்விக்கு என் மனத்தில் விடை எழவில்லை. நிலைமை தணிந்து சில வாரங்கள் கழித்து, ஒரு காலையில் வித்யார்த்தி பவனில் உட்கார்ந்திருந்தேன். கையில் ஒரு தமிழ் வார இதழ் இருந்தது. எதிரே பெரியவர் ஒருவர். அந்தப் பகுதியிலேயே நெடுங்காலம் குடியிருப்பவர் என்பது சர்வர்கள் அவரிடம் பேசிய விதத்தில் தெரிந்தது. இதழின் அட்டையைப் பார்த்தார். நான் அதை மடித்து வைத்துக்கொண்டேன். தோசை வரும் வரை அவர் ஒன்றும் பேசவில்லை. பிறகு, பசவனகுடியின் பழைய ஆள்கள் பலருக்குக் கைவரும் அந்தத் தமிழில், "எந்த ஊரும்மா நீங்க?" என்று கேட்டார். மாயவரம் என்றேன். "அங்கே சம்பாவுக்குத் தண்ணி போய்ச் சேர்ந்துதா?" என்றார். கடைமடைக்கு எப்போதும் தாமதமாகத்தான் வரும் என்றேன். "மேலே மழை பெய்யணும், அப்போ எல்லாருக்கும் சரியாப் போகும்" என்று சொல்லிவிட்டு, மண்டியாவில் தன் உறவினர்களின் கரும்பு வாடிக்கிடப்பதைச் சொன்னார். சாப்பிட்டு முடிக்கும் வரை இரண்டு பேரும் வயலைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம். யார் பக்கம் நியாயம் என்ற பேச்சே எழவில்லை. முன்பின் தெரியாதவர்களை ஒரே மேசையில் உட்காரவைக்கும் அந்தக் கடையின் ஏற்பாடு இல்லாவிட்டால், அந்த மாதத்தில் அந்தப் பேச்சு நடந்திருக்க வாய்ப்பே இல்லை. ஓர் உணவகத்தின் சேவையை மதிப்பிடும்போது இதையும் சேர்த்துத்தான் மதிப்பிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

சுவரிலுள்ள ஓவியங்களுக்கு வருகிறேன். கன்னடம் எழுத்துக்கூட்டிப் படிக்கக் கற்றுக்கொள்ளும் வரை அவை எனக்கு வெறும் முகங்கள். பேருந்தின் நெற்றியிலிருக்கும் ஊர்ப் பெயர்களிலும் கடைப் பலகைகளிலும் எழுத்துகளைக் கூட்டிப் பழகிய பிறகு, பக்கத்திலிருக்கும் அங்கித புத்தகக் கடையில் சிறுவர் புத்தகங்கள் வாங்கினேன், பிறகு சிறுகதைகள். அப்படித்தான் மாஸ்தி வெங்கடேச ஐயங்காரிடம் வந்துசேர்ந்தேன். கோலார் மாவட்டத்தில் தமிழ் பேசும் குடும்பத்தில் 1891-இல் பிறந்தவர், சென்னையில் எம்.ஏ. படித்தவர், மைசூர் அரசுப் பணியில் இருந்தவர். வாழ்நாள் முழுவதும் கன்னடத்தில் எழுதி, ஞானபீட விருது பெற்றவர். கன்னடச் சிறுகதைக்கு அவர்தான் தந்தை என்கிறார்கள். அவர் வாழ்ந்த வீடு காந்தி பஜாரிலிருந்து நடந்து போகிற தூரத்தில், கவிபுரத்தில் இருக்கிறது. தம் முதல் கவிதைத் தொகுப்பின் தலைப்பிலேயே காந்தி பஜாரைக் கொண்டுவந்த நிசார் அகமதும் தேவனஹள்ளியிலிருந்து வந்தவர். வீட்டில் ஒரு மொழி, எழுத்தில் வேறொரு மொழி என்று வாழ்ந்தவர்களை இந்தப் பகுதி தன் பெருமையாகவே வைத்துக்கொண்டிருக்கிறது. அல்சூர் ஏரிக்கரையில் திருவள்ளுவர் சிலை 1991-இலிருந்து மூடியே கிடந்து, 2009 ஆகஸ்டில்தான் திறக்கப்பட்டது என்பதும், அதே மாதத்தில் சென்னையில் கன்னடக் கவிஞர் சர்வக்ஞரின் சிலை திறக்கப்பட்டது என்பதும் எல்லாருக்கும் தெரிந்த வரலாறு. சிலைகள் திறக்க அத்தனை ஆண்டுகள் ஆயின. காந்தி பஜாரின் சிற்றுண்டி மேசைகளில் அந்தக் காத்திருப்பு ஒருபோதும் இருந்ததில்லை.

நகரத்தின் மற்றப் பழைய கடைகளோடு ஒப்பிடாமல் விட்டால் மதிப்புரை முழுமையாகாது. மல்லேஸ்வரத்தின் சி.டி.ஆர். தோசை இதைவிட மெல்லியது, இன்னும் முறுகலானது. வெண்ணெய் மசாலா வேண்டும் என்கிறவர்கள் அங்கேதான் போக வேண்டும். லால்பாக் சாலை எம்.டி.ஆர். 1924-இலிருந்து நடப்பது. இரண்டாம் உலகப் போரின்போது அரிசித் தட்டுப்பாட்டைச் சமாளிக்கச் செய்யப்பட்டதாகச் சொல்லப்படும் ரவா இட்லி அங்கே இன்றும் சிறப்பு. சங்கரபுரத்து பிராமின்ஸ் காபி பாரில் இட்லியும் வடையும் சட்னியும் நின்றுகொண்டே சாப்பிட வேண்டும். அங்கேயும் சாம்பார் கிடையாது, யாரும் கேட்பதும் கிடையாது. தோசையை மட்டும் தனியாக எடுத்து மதிப்பெண் போடச் சொன்னால் சி.டி.ஆருக்கும் வித்யார்த்தி பவனுக்கும் இடையே நான் தயங்குவேன். உட்கார்ந்து சாப்பிடும் அனுபவத்தையும் சேர்த்துக் கேட்டால் தயக்கமே இல்லை.

ஊருக்குப் போய்விட்டு மயிலாடுதுறை ரயிலில் திரும்பும்போது வண்டி விடியற்காலையில் பெங்களூரு வந்துவிடும். அம்மா கொடுத்தனுப்பிய வடகமும் மாவடுவும் அடங்கிய பையோடு மெஜஸ்டிக்கில் மெட்ரோ ஏறி நேஷனல் காலேஜ் நிலையத்தில் இறங்கி, கடை திறக்கும் நேரத்துக்கு வாசலில் நின்று, ஒரு மசாலாவும் ஒரு காபியும் முடித்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவேன். ரயிலில் இரவெல்லாம் ஊர் நினைப்பாகவே இருக்கும்; அம்மாவை விட்டு வருவது இன்றும் எளிதாகிவிடவில்லை. இந்த ஊர் என் ஊராக ஆனதால் அந்த ஊர் இல்லாமல் போய்விடவில்லை. ஆனால் முதல் விள்ளலைச் சட்னியில் தொட்டு வாயில் வைக்கும்போது, வந்துசேர்ந்துவிட்டேன் என்று உடம்பு முழுவதும் சொல்லும். முன்பெல்லாம் அந்த உணர்வு, திரும்பிப் போகும்போது, மாயவரம் சந்திப்பில் இறங்கினால்தான் வரும்.

போக விரும்புகிறவர்களுக்குச் சில குறிப்புகள். வெள்ளிக்கிழமை விடுமுறை. வார நாளில் காலை ஏழு மணிக்குள் போவது உத்தமம். நடுப்பகலில் கடை சில மணி நேரம் மூடியிருக்கும். வண்டி நிறுத்த இடம் தேடி அலைவதைவிட நேஷனல் காலேஜ் மெட்ரோவில் இறங்கி நடந்துவிடலாம். நடை சற்று நீளம்தான், ஆனால் மர நிழல் உண்டு. முதல் தடவை மசாலா தோசையும் காபியும் போதும். ரவா வடைக்கு வயிற்றில் இடம் இருந்தால் அதுவும். பெருங்கூட்டமாகப் போனால் ஒரே மேசை கிடைக்காது. பிரிந்து உட்காரச் சொன்னால் மறுக்காமல் உட்காருங்கள். இந்த ஊருக்குப் புதிதாகக் குடிவந்தவர்கள் தனியாகவே போய்வரலாம். பார்சல் வாங்குவதை மட்டும் தவிர்த்துவிடுங்கள்; அந்த முறுகல் காந்தி பஜார் முனை தாண்டுவதற்குள் போய்விடும்.